ஐலின் அன்ரிக்குச் 'சார்ஜ்' விளங்கிய கிழமை

எனக்குப் பத்து வயதான கோடையில் அம்மா இத்தாலியில் பலர்மோ நகரத்தின் ஓரம் மொண்டெல்லோவில் கடலைப் பார்த்த ஒரு சின்ன ஹோட்டலில் அறைகள் துப்புரவாக்கும் வேலை செய்தார். அப்பாவுக்கு நகரத்துக்குள் கால்சாவில் ஓர் உணவகத்தின் குசினியில் வேலை. பள்ளிக்கூடம் பூட்டிவிட்டதால் என்னை வீட்டில் தனியே விட முடியாமல் அம்மா தன்னோடு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போவார். ஹோட்டலின் பின்பக்கம் துணி துவைக்கும் அறையில் ஒரு பிளாஸ்டிக் கதிரை எனக்கென்று இருந்தது. அதில் இருந்து நான் தலையணை உறை மடிப்பேன். மடித்ததை அம்மா நான் பார்க்காத நேரம் திரும்ப மடிப்பார்.

அம்மாவோடு வேலை செய்தவர் ஐலின் அன்ரி. துருக்கிக்காரர். பலர்மோவின் பெரிய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குப் பின்னால் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தார். போனில் ஊருக்குக் கதைக்கும்போது வாய்க்கு வாய் "அன்னே, அன்னே" என்பார். அண்ணனில் இவ்வளவு பாசமா என்று நான் வியந்ததுண்டு. அவர்களுடைய மொழியில் அது அம்மா என்று பிறகுதான் தெரிய வந்தது.

ஹோட்டல்காரி சிஞ்ஞோரா இங்கிலாந்தில் பிறந்து பலர்மோவில் கலியாணம் செய்தவர். அவருடைய இத்தாலியன் ஐலின் அன்ரியுடையதைவிட மோசம். ஆகவே முக்கியமான விஷயங்களை ஆங்கிலத்திலேயே சொல்வார். ஒரு சனிக்கிழமை பின்னேரம், மறுநாள் தான் ஒரு கலியாணத்துக்குப் போவதாகவும், ஐலின்தான் 'இன் சார்ஜ்' என்றும் சொன்னார். ஐலின் அன்ரி ஓம் என்று சந்தோஷமாகத் தலையாட்டினார்.

துருக்கியில் போனுக்கு மின்சாரம் ஏற்றுவதை 'ஷார்ஜ்' என்பார்கள். வேறொன்றுக்கும் அந்தச் சொல் கிடையாது. பாவம், ஐலின் அன்ரி ஞாயிறு காலையில் வீட்டிலிருந்து பிளக் செருகுகிற இரண்டு நீளமான வயர்ப் பலகைகளைத் தூக்கிக்கொண்டு வந்து, கண்ணில் பட்ட போன்களையெல்லாம் செருகியிருக்கிறார். மேல்மாடிக் குளியலறையில் தண்ணீர் நிரம்பி வழிந்திருக்கிறது. மீன்காரன் வந்து நின்றுவிட்டு, பதில் சொல்ல ஆளில்லாமல் திரும்பிப் போயிருக்கிறான். ஒரு ஜெர்மன் பெண் கடற்கரைக் குடைக்கு ஏதும் 'சார்ஜ்' உண்டா என்று கேட்க, இவர் "யெஸ், யெஸ், சார்ஜ்" என்று அந்தப் பெண்ணின் கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்தப் பெண் போட்ட கூச்சல் தெருமுனை வரை கேட்டதாம்.

அன்று எங்களுக்கு லீவு. திங்கட்கிழமை போனபோது சிஞ்ஞோரா வரவேற்பு மேசைக்குப் பின்னால் சிவந்த முகத்தோடு நின்றார்.

"உன்னை இன் சார்ஜ் என்று சொல்லிவிட்டுத்தானே போனேன்?"

"யெஸ், சிஞ்ஞோரா!" என்று ஐலின் அன்ரி நெஞ்சை நிமிர்த்தினார். "எல்லாம் சார்ஜ்! ஃபுல்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா என் தோளை அமத்தினார். சிஞ்ஞோரா தன்னைப் பகிடி பண்ணுவதாக நினைத்து, கிழமை முடிவோடு வேலையை விட்டுப் போகலாம் என்றார். ஐலின் அன்ரிக்கு அந்த வசனம் மட்டும் முழுதாக விளங்கியது. வேலை போனால் பெர்மெஸ்ஸோவை, இத்தாலியில் தங்குவதற்கான அனுமதித் தாளை, புதுப்பிக்க முடியாது. அந்த வயதிலும் எனக்கு அது தெரியும். எங்கள் வீட்டிலும் அந்தத் தாளைப் பற்றித்தான் எப்போதும் கதை.

அப்போது அம்மா முன்னுக்குப் போய் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினார். எங்களுக்குச் சமைக்கிற, இரவில் கால் நோகுதென்று எண்ணெய் பூசுகிற அம்மா, ஒரு வெள்ளைக்காரியோடு தயங்காமல் ஆங்கிலம் கதைத்ததை நான் அன்றுதான் பார்த்தேன். பிழை ஐலினில் இல்லை, சொல்லில் என்றார். ஃபெர்ராகோஸ்தோ வரைக்கும் தவணை தரச் சொன்னார். ஆகஸ்ட் நடுவில் வரும் அந்தப் பெரிய விடுமுறைக்கு ஹோட்டல் நிரம்பி வழியும். "அன்றைக்கு அவளே இன் சார்ஜாக இருக்கட்டும், நான் மேலே இருந்து பார்க்கிறேன்" என்றார் சிஞ்ஞோரா.

அன்று மத்தியானமே பாடம் தொடங்கியது. துணி துவைக்கும் அறையில் நாங்கள் மூன்று பேர். அம்மாவுக்குத் தமிழும் ஆங்கிலமும், ஐலின் அன்ரிக்குத் துருக்கியும் கொஞ்சம் இத்தாலியனும், நடுவில் தமிழை இத்தாலியனாக்கிச் சொல்ல நான்.

"எங்கடை ஆக்களும் சார்ஜ் எண்டால் முதல்லை போனைத்தான் நினைப்பினம் எண்டு சொல்லு பிள்ளை," என்றார் அம்மா. "பிறகு பஸ் சார்ஜ் எண்டும் சொல்லுவம். அது காசு."

நான் சொன்னேன். ஐலின் அன்ரி நெற்றியில் அடித்துக்கொண்டார். "அப்ப அந்த ஜெர்மன்காரி காசையா கேட்டவ?"

முட்ட வருகிற மாட்டுக்கும் அதே சொல்தான் என்று விளக்க, அம்மா ஒரு சிவப்புத் துவாயை என் கையில் தந்துவிட்டு, இரண்டு விரலைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடி வந்தார். அம்மா ஓடி நான் பார்த்ததே இல்லை. ஐலின் அன்ரி சிரித்துச் சிரித்துச் சோப்புப் பெட்டியில் இருந்துவிட்டார்.

ஆனால் 'இன் சார்ஜ்' மட்டும் வழிக்கு வரவில்லை. ஆளை எப்படிச் சார்ஜுக்குள் வைப்பது என்று ஐலின் அன்ரி திரும்பத் திரும்பக் கேட்டார். இரண்டு நாள் போயிற்று. அம்மாவுக்கே அலுத்துவிட்டது.

மூன்றாம் நாள் பஸ்ஸில் வரும்போது முன்னால் ஒரு லொறிக்கு ஆட்கள் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இத்தாலியனில் அதற்குக் 'கரிக்காரே'. போனுக்கு மின்சாரம் ஏற்றுவதற்கும் அதே சொல்தான். ஒரு வேலைக்குப் பொறுப்பாக விடுகிற ஆள் 'இன்கரிக்காத்தா'. பள்ளிக்கூடத்தில் எங்கள் ஆசிரியை இடைவேளைக்கு மணி அடிக்கிற பிள்ளையை அப்படித்தான் சொல்வார். நான் பஸ்ஸிலேயே கத்தினேன்: "அம்மா, எல்லாம் சுமை!"

அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. "என்ரை கெட்டிக்காரி," என்றார்.

ஹோட்டலுக்குப் போனதும் அம்மா ஈரத் துணிக் கூடையைத் தூக்கி ஐலின் அன்ரியின் கையில் வைத்தார். "போனிலை மின்சாரம் ஏத்திறது. ஆக்களிலை காசை ஏத்திறது. உன்னிலை..." அம்மா கையை விரித்து ஹோட்டல் முழுவதையும் காட்டி, அதையும் கூடையில் போடுவதுபோல் போட்டார். நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. ஐலின் அன்ரி பாரம் தாங்காமல் முழங்காலை மடித்தபடி "யுக்! யுக்!" என்று கத்தினார். துருக்கியில் சுமைக்கு அதுதான் சொல்லாம். மாடு மட்டும் இந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை. அதை நாங்கள் விட்டுவிட்டோம்.

ஃபெர்ராகோஸ்தோ அன்று மணலில் கால் வைக்க இடமில்லை. காலையில் மேல்மாடிக் குளியலறையில் வழியப்போன தண்ணீரை ஐலின் அன்ரி நிற்பாட்டினார், மீன் வாங்கினார், குடைக்குக் காசில்லை என்பதை "நோ சார்ஜ்" என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார். மத்தியானம் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தின் நாலு வயதுப் பையனைக் காணவில்லை. தாய் தலையில் அடித்து அழ, தகப்பன் வாசலில் நின்று ஆங்கிலத்தில் கத்தினார்: "இங்கே யார் இன் சார்ஜ்?"

"நான்," என்றார் ஐலின் அன்ரி. "ஐ ஆம் இன் சார்ஜ்."

சமையல்காரனைப் பாறைப்பக்கம் அனுப்பினார். தகப்பனைத் தண்ணீர்க் கரையோடு நடக்கச் சொன்னார். அம்மாவைப் பையனின் தாயோடு நிற்கச் சொல்லிவிட்டு, தான் ஒவ்வொரு குடையாகக் குனிந்து பார்த்துக்கொண்டு போனார். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கை நோகுது அம்மா," என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

பையன் அகப்பட்டான். ஒரு பலர்மோக் குடும்பம் அவனைத் தங்கள் பிள்ளைகளுக்கு நடுவில் இருத்தி, தட்டு நிறையப் பாஸ்தா ஊட்டிக்கொண்டிருந்தது. ஐலின் அன்ரி அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து வந்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்ட முயன்றேன். அம்மா இன்னும் என் கையை விடவில்லை.

சிஞ்ஞோரா கீழே இறங்கி வந்து ஐலின் அன்ரியைக் கட்டிப்பிடித்தார். பிறகு அம்மாவிடம் திரும்பி, அடுத்த மாதத்திலிருந்து காலை நேரத்துக்கு நீ இன் சார்ஜ், சம்பளமும் கூட்டித் தருகிறேன் என்றார். அம்மா சிரித்தபடியே, நன்றி, வேண்டாம் என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. திரும்பிப் போகும் பஸ்ஸில் நான் அம்மாவோடு ஒட்டாமல் இருந்தேன்.

"ஏனம்மா ஓம் எண்டு சொல்லேல்லை? நீங்கள்தானே அவவுக்கே சொல்லிக் குடுத்தது?"

அம்மா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் ஒருக்கா இன் சார்ஜா இருந்தனான் பிள்ளை. அதுவே காணும்."

"எங்கை?"

"ஊரிலை."

வன்னியில் அம்மா பாலர் பாடசாலை ஆசிரியையாக இருந்தவர் என்பதும், ஷெல்லடிக்குள் பிள்ளைகளைக் கையோடு கை கோக்க வைத்துக் காட்டுப்பாதையால் கூட்டிப்போனவர் என்பதும், போய்ச் சேர்ந்த இடத்தில் எண்ணிப் பார்த்தபோது ஒரு பிள்ளை குறைந்தது என்பதும் எனக்குத் தெரிய வர இன்னும் பல வருடங்கள் இருந்தன.

அன்று அதையும் ஒரு ஹோட்டல் என்றே நினைத்ததில் என் கோபமெல்லாம் பறந்துவிட்டது. பள்ளிக்கூடம் திறந்த முதல் நாளே வகுப்பில் எழும்பி நின்று, என் அம்மா இலங்கையில் மொண்டெல்லோ ஹோட்டலைவிடப் பெரிய ஹோட்டல் ஒன்றுக்குப் பொறுப்பாக இருந்தவர் என்று சொன்னேன். ஆசிரியை எவ்வளவு பெரியது என்று கேட்டார். என் இரண்டு கைகளையும் எட்டும் அளவுக்கு விரித்துக் காட்டினேன்.