வாரியெடுத்த தொடர்கதை

உப்பும் கதையும் ஒன்று என்று நம்பியவன் நான். பாத்தியில் விளைந்ததை வாரிக் கரையில் குவித்துவிட்டால், பாத்தியில் மிச்சமிருப்பது சேறுதான். அதேபோல இன்டர்நெட்டில் இருக்கும் கதையை ஒருவன் தன் பக்கம் எடுத்துக்கொண்டால் அங்கே அது காலியாகிவிடும் என்பது என் எண்ணம். நாற்பத்தைந்து வயதில், மரக்காணத்தில் குத்தகைக்கு உப்பளம் வைத்துக்கொண்டு, ஊரில் பாதிப் பேரைக் கிண்டல் செய்துகொண்டு திரிந்தவனுக்கு வாய்த்த அறிவு இது.

கதையை எழுதியவன் என் மனைவியின் தம்பி. வளைகுடாவில் ஒரு இரும்புப் பட்டறையில் வேலை. அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று ஒரு கணினியின் முன் இடம் பிடித்து ஒரு அத்தியாயம் எழுதி, இலவசமாக இடம் கொடுக்கும் தளம் ஒன்றில் புனைபெயரில் போட்டுவிடுவான். கடல் உள்ளே வந்து போன பிறகு வலையை விட்டுவிட்டு உப்பளக் கூலிக்கு வந்த ஒரு குடும்பத்தின் கதை. 2005-இல் ஆரம்பித்தான். வீட்டில் போன் கிடையாது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து பூத்துக்கு அவன் போன் செய்வது மாதத்துக்கு ஒரு தடவை, போய்ப் பேசுவது நான். ஆகவே என் மனைவிக்கு அந்த வெள்ளிக்கிழமைக் கதைதான் தம்பியைப் பற்றிய தகவல்.

“கதை வந்துட்டா புள்ள நல்லா இருக்கான்னு அர்த்தம்” என்பாள்.

பூத்தும் பிரவுசிங் சென்டரும் ஒன்றாக இருந்த அந்தக் கடைக்கு அவள் வரமாட்டாள். ஆம்பளைகள் முட்டிக்கொண்டு உட்காரும் இடம், போதாக்குறைக்கு வியர்வை நாற்றம். நான் போய்ப் படித்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். சொல்லும்போது என் கை சும்மா இருக்காது. கதாநாயகியின் மாமனாரை ஒருமுறை கிணற்றில் விழவைத்தேன். அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

“என் தம்பி எழுதனதச் சொல்லுங்க. உங்க லொள்ள தனியா வெச்சிக்கிங்க.”

இந்தத் தகராறுக்கு மைத்துனனே ஒரு வழி செய்தான். ஊருக்கு வந்த ஒருவரிடம் உள்ளங்கை அளவுக்கு ஒரு பழைய கருவியைக் கொடுத்தனுப்பினான். அதில் புத்தகம் படிக்கலாம். தமிழ் எழுத்தும் அவனே ஏற்றியிருந்தான். கூடவே ஒரு மெயில்: கம்ப்யூட்டரில் கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையில் இன்ன வரியை அடித்தால் என் கதை மொத்தமும் வந்து சேரும், அடுத்த வரியை அடித்தால் எல்லாம் ஒரே புத்தகமாகிவிடும், அக்கா அடுப்பங்கரையில் உட்கார்ந்தே படிக்கலாம். எனக்குக் கறுப்புத் திரை என்றாலே பயம். நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை கதை வரவில்லை. வேலை அதிகமாக இருக்கும் என்றேன். அடுத்த வெள்ளியும் வரவில்லை. அவன் தங்கியிருந்த இடத்துக்குப் போன் போட்டால், யாரோ இந்தியில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். மனைவி சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

“அவன் எழுதன மொத்தத்தையும் எடுத்தாந்து குடுங்க. நானே படிக்கிறேன். ஒடம்பு சரியில்லன்னோ, யாரோ தொந்தரவு குடுக்கறான்னோ எங்கனாச்சும் சொல்லியிருப்பான். உங்களுக்கு அதெல்லாம் கண்ணுல படாது.”

கருவியையும் மெயிலின் பிரிண்டையும் எடுத்துக்கொண்டு சென்டருக்குப் போனேன்.

சென்டர் வைத்திருந்தவன் என்னோடு பள்ளிக்கூடத்தில் பெயிலானவன். கறுப்புத் திரையைத் திறந்துவைத்துவிட்டுப் பின்னால் நின்றான். மைத்துனன் எழுதியிருந்த வரியைப் பார்த்துப் பார்த்து அடித்தேன். நடுவில் ஒரு துண்டு இருந்தது. ஒரு பக்கம் எடுத்ததும் கொஞ்சம் நின்று, பிறகு அடுத்ததை எடு என்று அதற்கு அர்த்தமாம்.

“இது எதுக்குடா?” என்றேன்.

“நிதானமா எடுக்கறதுக்கு.”

“மேகம் கட்டியிருக்கும்போது உப்ப நிதானமாவா வார்றோம்? வேணாம், தூக்கு.”

தூக்கிவிட்டு என்டரைத் தட்டினேன். வரிகள் மேலே மேலே ஓடின. ரொம்பப் பெருமையாக இருந்தது. இரண்டாவது வரியையும் அடித்தேன், புத்தகம் ஆயிற்று. திறந்து பார்த்தால் முதல் பாதி கதை. அதற்குமேல் எல்லா அத்தியாயத்திலும் ஒரே ஆங்கில அறிவிப்பு, இந்தத் தளம் தற்போது கிடைக்காது என்று. அத்தியாயத்துக்கு அத்தியாயம் அதே அறிவிப்பு, ஒரு எழுத்து மாறாமல். தளத்துக்கே போய்ப் பார்த்தேன். அங்கேயும் அதேதான்.

“டேய், கதை எங்கடா?”

“நீதானப்பா எல்லாத்தையும் எடுத்த” என்றான் படுபாவி. விளையாட்டுக்குச் சொன்னான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வேர்த்துவிட்டது. வாரும்போது பாதி சிந்திவிட்டது, பாத்தியும் காலி. தம்பி எங்கே என்று தெரியாமல் தவிக்கும் ஒருத்தியிடம், அவன் எழுதியதையும் தொலைத்துவிட்டேன் என்று எப்படிப் போய்ச் சொல்வது? அங்கேயே மைத்துனனுக்கு ஒரு மெயில் அடித்தேன். மச்சான், உன் கதையை அடியோடு வாரிவிட்டேன், பாதிதான் தேறியது, மன்னித்துக்கொள், உன் அக்காவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு என்று. ஆளே எங்கே என்று தெரியாதபோது அவனிடமே சிபாரிசு கேட்டவன் நானாகத்தான் இருப்பேன்.

வீட்டுக்குப் போய், சென்டரில் கரண்ட் இல்லை என்றேன். அடுத்த நாள் சென்டர் இருக்கும் தெருப்பக்கமே போகாமல் உப்பளத்திலேயே கிடந்தேன்.

மத்தியானம் சென்டர்காரன் ஸ்கூட்டரில் வந்தான். “ஏம்பா, உன் மச்சான் போன் பண்ணான். நாலு மணிக்குத் திரும்பப் பண்றானாம். உங்க வூட்ல சொல்லிட்டேன், கெளம்பிட்டாங்க.”

நான் போவதற்குள் மனைவி அங்கே இருந்தாள். அதுவரை கால் வைக்காத இடத்தில், பூத்துக்கு வெளியே, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மணி அடித்ததும் நான் எடுத்தேன்.

“மாமா!” அவன் குரல்தான்.

“மச்சான், கதைய நான்...”

“கதை எங்கயும் போவல மாமா. அப்பவே திரும்பி வந்துட்டிருக்கும். நீ போய்ப் பாக்கவே இல்லியா?”

“எங்க பாத்தேன், ஓடியாந்துட்டேன்.”

சிரித்தான். “ரூம்ல இருக்கறவரு உன் மெயில எடுத்தாந்து படிச்சுக் காட்டனாரு. வார்டே சிரிச்சுது மாமா.”

“எந்த வார்டு?”

“அது... ஒண்ணுமில்ல மாமா.”

“டேய், எந்த வார்டுன்னு கேக்கறேன்.”

“அக்கா பக்கத்துல இருக்குதா?”

“இருக்கா.”

“அதுக்கு இப்ப குடுக்காத மாமா. மொதல்ல நீ கேட்டுக்கோ.”

கண்ணாடிக்கு வெளியே அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாழ்நாள் முழுக்க என் முகத்தில் இருக்கும் சிரிப்பை அப்போது தேடினேன். கிடைக்கவில்லை. அவள் கதவைத் திறந்து, போனுக்காகக் கையை நீட்டினாள். கொடுத்துவிட்டேன்.

நடந்தது இதுதான். ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு பக்கம்தான் தரலாம் என்று அந்த இலவசத் தளம் அளவு வைத்திருந்தது. நான் நிதானத்தைத் தூக்கிப் போட்டுச் சில நிமிஷத்தில் அந்த அளவைத் தாண்டிவிட்டேன். நேரம் முடிந்ததும் அது தானாகத் திறந்துகொண்டது. கதை ஒரு வரி குறையாமல் அங்கேயே இருந்தது. அவன் எழுதாமல் விட்ட முதல் வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள், பட்டறையில் தகடு வெட்டும் இயந்திரத்தில் அவனுடைய வலது கை மாட்டி மூன்று விரல்கள் போயிருந்தன.