கண் சிமிட்டாத ஆல்பம்

அக்ரஹாரத்தில் ஒரு வீட்டில் குடும்பப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். போஸ் வேண்டாம், இயல்பாக எடுங்கள் என்று கேட்ட தகப்பனே மூன்று வயது மகனின் தலையில் ஓங்கிக் குட்டினான்.

"கண்ண மூடாதேன்னு எத்தன வாட்டி சொல்றது? மேடம், ஸ்வல்ப இருங்க, ஒரே நிமிஷம். சரியா நிக்க வெக்கிறேன்."

என் அப்பாவும் இப்படித்தான். ரயில்வே குவார்ட்டர்ஸில் ஞாயிறுதோறும் எங்களைச் சுவரோரம் நிறுத்திப் படமெடுப்பார். ஃபிலிம் கழுவி வந்ததும் யார் கண் மூடியிருக்கிறது என்று பார்ப்பார். மூடியவருக்கு அடி. ஒருமுறை அண்ணன் மாட்டினான். கேமராவின் தோல்வாரைச் சுழற்றி அடித்ததில் கொக்கி அவன் புருவத்தைக் கிழித்தது. தடுக்கப்போன அம்மாவைச் சுவரில் தள்ளினார், உதடு உடைந்தது. ரத்தத்தைத் துடைத்துவிட்டு, அண்ணனின் முடியைக் காயத்தின்மேல் இழுத்துவிட்டார்.

"இப்ப நில்லுங்க."

நின்றோம். அம்மா உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள்.

அந்த ஆல்பத்தைப் பார்ப்பவர்கள், "எல்லாருக்கும் எவ்வளவு பெரிய கண்ணு" என்பார்கள்.

"எடுங்க மேடம்" என்றான் தகப்பன். அவன் கை ஓங்கியபோதே நான் எடுத்திருந்தேன். அதைத்தான் பெரிதாக்கி, அவர்கள் ஆல்பத்தின் முதல் பக்கத்தில் வைத்துக் கொடுத்தேன். அதில் பையன் கண்ணை இறுக மூடியிருக்கிறான்.