சார் கேட்ட வாய்தா

எனக்கு வாய் நீளம். ஊரறிந்த விஷயம்தான். பெஞ்ச் கிளார்க்கிலிருந்து கோர்ட் வாசல் டீக்கடைக்காரர் வரை என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் இல்லை. பத்தொன்பது வருஷமாக வக்கீல் குமாஸ்தா வேலை பார்ப்பவளுக்கு வாய் இல்லையென்றால் ஒரு நகல்கூடக் கைக்கு வராது. அந்த வாயை நினைத்து நான் பெருமைகூடப் பட்டிருக்கிறேன். இப்போது ஊசி நூல் எடுத்து அதைத் தைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் சின்ன ஊரில் என் வக்கீலைப் பட்டாளத்தார் என்றால்தான் தெரியும். பதினேழு வருஷம் ராணுவத்தில் இருந்துவிட்டு, இடது தோளில் ஒரு குண்டுச் சிதறலோடு திரும்பி வந்து, மீசை நரைக்கத் தொடங்கிய வயதில் சட்டக் கல்லூரி பெஞ்சில் போய் உட்கார்ந்தவர். பனிக்காலத்தில் அந்தத் தோள் வலிக்கும். வாதம் பண்ணும்போதுகூட வலது கையால் அதைத் தேய்த்துக்கொண்டே இருப்பார். எங்களுக்கெல்லாம் அது பழகிப்போன காட்சி.

மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மலைமேல் இருக்கும் புதூர்நாட்டுக்கு ஜீப் ஏறிவிடுவார். கூடவே நானும் முணுமுணுத்துக்கொண்டே போவேன். ரேஷன் கடை வாசலில் இரண்டு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தோமானால் பொழுது சாயும்வரை மனுதான். சாதிச் சான்று, முதியோர் பென்ஷன், ஆதாரில் அப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் புருஷன் பெயர். எழுதி முடித்த மனுவை உரக்கப் படித்துக் காட்டி, அவர்கள் தலையாட்டிய பிறகுதான் கைநாட்டு வாங்குவார். இறங்கும்போது ஜீப்பில் காய்ச்சல்காரரோ கர்ப்பிணியோ வந்தால் தன் இடத்தைக் கொடுத்துவிட்டுப் பின்னால் தொங்கிக்கொண்டு வருவார். அறுபத்தாறு வயது! நான் திட்டினால், "பட்டாளத்து லாரியில தொங்குனவம்மா நானு, இந்த ஜீப்பு இன்னா பெருசா?" என்பார்.

அவருக்கு ஆகவே ஆகாத ஒரு வார்த்தை உண்டென்றால் அது வாய்தா. கேஸைத் தேதி தள்ளிப்போடுவது அவருக்கு முதுகு காட்டுவது போல. அந்த வார்த்தையை ஆபீஸில் சொல்லவே விடமாட்டார். எதிர்த்தரப்பு வாய்தா வாங்கிவிட்டால், "இன்னாம்மா, அவங்க மறுபடியும் ரிட்ரீட்டா?" என்று சிரிப்பார். ரிட்ரீட் என்றால் பட்டாளத்தில் பின்வாங்குவது. நாளடைவில் நானும் கேஸ் டைரியில் அந்தத் தேதிக்கு நேரே 'ரி' என்று மட்டும் எழுதப் பழகிவிட்டேன். அவர் தன் பக்கத்துக்கு ஒரு 'ரி' வாங்கி நான் பார்த்ததில்லை.

அந்த டைரியில் 'ரி' அதிகம் விழுந்த கேஸ் புளியமரத்துக்காரியுடையது. அப்படித்தான் அவளைக் கூப்பிடுவோம். புதூர்நாட்டு விதவை. இரண்டு ஏக்கர் சாமை நிலம், அதில் ஏழு புளியமரம். மரத்தைக் குத்தகைக்கு விடும் பத்திரம் என்று சொல்லி, கீழ்நாட்டு வியாபாரி ஒருவர் அவள் புருஷனிடம் கைநாட்டு வாங்கியிருந்தார். புருஷன் செத்த பிறகுதான் அது குத்தகைப் பத்திரம் இல்லை, நிலத்தையே விற்ற பத்திரம் என்று தெரிந்தது. ஆறு வருஷமாகக் கேஸ் வரும் ஒவ்வொரு தேதிக்கும் அவள் விடியுமுன் ஜீப் ஏறி வருவாள். தேதி தள்ளிப்போனது என்றால் அடுத்த தேதியைக் கேட்டுக்கொண்டு திரும்பிப் போவாள்.

கடைசியில் போன மார்கழியில் வாதத்துக்கு நாள் குறித்தார்கள். எங்கள் நீதிபதிக்கு மாற்றல் வந்துவிட்டது. அடுத்த வாரம் கிளம்புகிறார். அன்றைக்கு வாதம் முடிந்தால் அவரே தீர்ப்பு எழுதிவிடுவார். தள்ளிப்போனால் புதிதாக வருபவரிடம் மறுபடி முதலிலிருந்து. இது எனக்கும் தெரியும், சாருக்கும் தெரியும்.

அன்று காலை சார் பத்து நிமிஷம் தாமதமாக வந்தார். வாழ்நாளில் அப்படி வந்தவர் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து தோளைத் தேய்த்தார். வைத்த டீ அப்படியே ஆடை கட்டிக் கிடந்தது. நான் கம்ப்யூட்டரில் மெமோவைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, இன்னிக்கு ஒரு வாய்தா கேட்டுடலாமா?" என்றார்.

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இன்னா சார், பட்டாளத்துக்காரருக்கே ரிட்ரீட்டா? அந்தம்மா இருட்டோட ஜீப்பு ஏறிட்டாங்க. ஜட்ஜய்யா அடுத்த வாரம் கெளம்பறாரு. புதுசா வர்றவருகிட்ட திரும்பவும் ஆனா ஆவன்னால இருந்தா? சொம்மா வெளையாடாம கோட்ட மாட்டிக்கினு கெளம்புங்க."

சார் சிரித்தார். "உத்தரவு" என்று விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். கோட்டில் வலது கை நுழைந்தது. இடது கை மேலே வரவில்லை. குளிருக்குத் தோள் பிடித்துக்கொண்டது என்று நினைத்தேன். நான்தான் எழுந்து போய்க் கையைப் பிடித்து உள்ளே நுழைத்துவிட்டேன். பாவி, நான்தான் அந்தக் கோட்டை மாட்டிவிட்டேன்.

ஐம்பது நிமிஷம் பேசினார். குரலில் ஒரு பிசிறு இல்லை. இரண்டு தடவை தண்ணீர் கேட்டார், அவ்வளவுதான். வாதம் முடிந்து வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். புளியமரத்துக்காரி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். நான் இன்னொரு கேஸின் நகல் மனுவைக் கொடுக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் பெஞ்சைச் சுற்றிக் கூட்டம். ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்தார், கண்ணைத் திறந்து பார்த்தார், என்னைப் பார்த்தார். சார் கண்தானத்துக்கு எழுதி வைத்திருந்தார். அந்த போனையும் நான்தான் செய்தேன்.

மலையிலிருந்து மூன்று ஜீப்பில் ஆட்கள் வந்தார்கள். பழைய பட்டாளத்துக்காரர்கள் வரிசையாக நின்று சல்யூட் வைத்தார்கள். நான் சாரின் வீட்டம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "காலைல மாருல லேசா கனமா கீதுன்னாரு. கோர்ட்டு போய்ட்டு வந்து பாத்துக்கறேன்னாரு. நானும் சரின்னு வுட்டுட்டேனே! உங்கிட்ட ஏதாச்சும் சொன்னாராம்மா?" என்று கேட்டார்.

"இல்லீங்கம்மா" என்றேன்.

அவ்வளவு நீளமான வாயிலிருந்து அவ்வளவு சின்னப் பொய். எடுபட்ட வாய்.

பிறகு நான் சார் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் வீட்டம்மா அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அனுப்பியிருக்கக் கூடாது, நான் அனுப்பியிருக்கக் கூடாது. மகள் பெங்களூருக்குக் கூப்பிட்டும் போகவில்லை. வாசல்படியில் வைத்து அனுப்பினேனே என்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வருவேன்.

ஆறாம் நாள் தீர்ப்பு வந்தது. நிலம் புளியமரத்துக்காரிக்கே. டைரியில் அதை எழுதும்போது மேலே பார்த்தேன், வரிசையாக 'ரி', 'ரி', 'ரி'. அப்போதுதான் எனக்குச் சுரீரென்றது. விளையாட்டாகக் கேட்டிருந்தால் சார் ரிட்ரீட் என்றுதானே கேட்டிருப்பார்? அன்று அவர் வாய்தா என்றார். பத்தொன்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அந்த ஒரே தடவை. ரிட்ரீட் என்று மாற்றிக் கிண்டல் பண்ணியது நான்தான்.

யாரிடமும் சொல்லவில்லை. தீர்ப்பு நகலை வாங்க புளியமரத்துக்காரி வந்தபோது தை பிறந்திருந்தது. பை நிறையப் புளி. சார் மேஜைமேல் அதை வைத்துவிட்டு அந்த நாற்காலியைக் கும்பிட்டாள். நகலை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு பேச ஆரம்பித்தாள்.

"அன்னிக்கு கேஸு கூப்புடறதுக்கு முன்னாடியே ஐயாவுக்கு வேர்த்து ஊத்துச்சு குமாஸ்தாம்மா. கையத் தொட்டா ஜில்லுன்னுது. வாய்தா கேட்டுடுங்க ஐயா, நான் இன்னொரு நாளு வர்றேன், ஆறு வருசம் வந்தவளுக்கு இன்னான்னேன். கேக்கலியே! 'எங்க குமாஸ்தாம்மா உத்தரவு போட்டுட்டாங்க, இனிமே ரிட்ரீட் கெடையாது'ன்னு சிரிச்சாரு. உங்க மேல அம்மாம் மரியாத ஐயாவுக்கு."

என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் சொன்னாள். நான் அந்த மேஜையிலேயே தலையைக் கவிழ்த்து ஓவென்று அழுதேன். அவள் பயந்துபோய் என் முதுகைத் தடவிக்கொண்டே, "நான் இன்னா தப்பா சொல்லிட்டேன் தாயி" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவளை ஜீப் ஏற்றிவிட்டு, ஆபீஸைப் பூட்டி, நேராக சார் வீட்டுக்குப் போனேன். வீட்டம்மா வழக்கம்போல வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"வாம்மா. இன்னா மொகமெல்லாம் இப்பிடி வீங்கிக் கெடக்குது? காபி வெக்கட்டுமா?"

"வேணாங்கம்மா" என்றேன். படியில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். "நீங்க அனுப்பலம்மா. அன்னிக்குக் காலைல சார் எங்கிட்ட ஒரே ஒரு வாய்தா கேட்டாரு. நான்தான் குடுக்கல."