யாரும் அழைக்காத ஃபங்ஷன்

செல்வகுமாரி என்ன வேலை பார்க்கிறாள் என்று கரியமாணிக்கத்தில் கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வரும். "கம்ப்யூட்டர்ல இன்னாவோ பண்ணுது" என்பார்கள் சிலர். "மெட்ராஸ் ஆபீசு, வூட்லேந்தே வேல" என்பார்கள் வேறு சிலர். இரண்டாவது பதில் சரிதான். ஆனால் அவள் மனம் ஒட்டிக்கொண்டிருந்தது சம்பளமில்லாத இன்னொரு வேலையில்.

புரோகிராம் எழுதுகிறவர்களிடம் டிபக்கர் என்றொரு மென்பொருள் இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமைப் பாதியில் நிறுத்தி, உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்க அது உதவும். அதோடு சேர்த்துக்கொள்ளும் துணைக்கருவிகளுக்குப் பிளகின் என்று பெயர். மெமரியில் நடக்கும் தப்புகளைக் காட்டிக்கொடுக்கும் சில பிளகின்கள் செல்வகுமாரியின் பொறுப்பில் இருந்தன. அவற்றை முதலில் எழுதியவர் எந்த நாட்டுக்காரரோ, தனக்கு இனி நேரமில்லை, யாராவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் ஒரு வரி போட்டுவிட்டுப் போய்விட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அது எப்படித்தான் தப்பைக் கண்டுபிடிக்கிறது என்று பார்த்துவிடலாமே என்று இவள் கை தூக்கினாள். அப்போது சென்னையில் இருந்தாள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது அந்தப் பொறுப்பும் கூடவே வந்தது.

கணவன் குமரவேலுக்கு நெல்லும் கரும்பும்தான் உலகம். ஆனாலும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விடமாட்டான்.

"அதுல இன்னாதான் தப்பு நடக்கும்?" என்று ஒருநாள் கேட்டான்.

"குத்தகை நெலம் மாதிரி வெச்சுக்குங்க. புரோகிராம் மெமரில எடம் கேட்டு வாங்கும். வேல முடிஞ்சா திருப்பிக் குடுத்துடும். அதுக்கு அப்பாலயும் அந்த எடத்துல போயி கைய வெச்சா தப்பு. வாங்குனது யாரு, திருப்பிக் குடுத்தது யாரு, அப்பால கைய வெச்சது யாரு, மூணு பேரயும் பிளகின் காட்டிக் குடுத்துடும்."

"கரெக்டா காட்டுமா?"

"இதுவரைக்கும் காட்டியிருக்கு," என்றாள்.

அந்தப் பதிலுக்குச் சோதனை தை மாதத்தில் வந்தது. யாரோ ஒருவர் ஆங்கிலத்தில் ஒரு புகார் அனுப்பியிருந்தார். பால் சொசைட்டியில் பாலின் கொழுப்பை அளக்கும் மெஷினுக்கு அவர் புரோகிராம் எழுதுகிறாராம். அது திடீர் திடீரென்று நின்றுபோகிறது. பிளகினைப் போட்டுப் பார்த்தால், சீட்டு அச்சடிக்கும் ஃபங்ஷன்தான் மெமரியைத் தப்பான நேரத்தில் திருப்பிக் கொடுத்தது என்கிறது. "என் மெஷினில் பிரிண்டரே இல்லை. அந்த ஃபங்ஷனை யாருமே அழைப்பதில்லை. ஓடாத ஒன்று எப்படித் தப்பு செய்யும்?" என்று முடித்திருந்தார்.

செல்வகுமாரி அதை இரண்டு முறை படித்தாள். புரோகிராம் என்பதே ஃபங்ஷன்களின் கூட்டம்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. ஒன்று இன்னொன்றை அழைக்கும். யாரும் அழைக்காதது சும்மா கிடக்கும். சும்மா கிடப்பது எழுந்து வந்து மெமரியைத் தொட முடியாது. ஆள் எங்கோ தவறாகப் பார்த்திருப்பார் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அவர் கூடவே அனுப்பியிருந்த, பிளகின் ஓடியதின் பதிவில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதில் ஒரு கோப்புறையின் பெயரைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'அரியூர் ஆபீஸ்' என்று ஆங்கில எழுத்தில் இருந்தது. உலகத்தில் எங்கிருந்தெல்லாமோ புகார் வரும். இது பைக்கில் போய்விடும் தூரத்திலிருந்து வந்திருந்தது.

தன் போன் நம்பரையும் போட்டுத் தமிழிலேயே பதில் எழுதினாள்: "நான் கரியமாணிக்கம். நீங்கள் நம்ம அரியூரா?"

அன்று மத்தியானமே போன் வந்தது. பெயர் ஆதிமூலம் என்றார். ஒரு சின்ன கம்பெனியில் அவர் ஒருவரே புரோகிராமர்.

"மேடம், நீங்க நம்ப மாட்டீங்க. கடுப்புல அந்த பிரிண்ட் ஃபங்ஷனையே அழிச்சுப்புட்டேன். இப்ப இன்னா சொல்லுது தெரியுமா? பீப் சத்தம் போடற ஃபங்ஷன்தான் காரணம்னு சொல்லுது. அதையும் இன்னும் யாரும் கூப்புடல!"

"இருங்க, இருங்க. பிரிண்ட்ட அழிச்சதும் பீப் மேல பழி வந்துச்சா?"

"ஆமா மேடம்."

"கோடுல பிரிண்ட்டுக்கு அடுத்தாப்புல எது இருந்துச்சு?"

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. "பீப்புதான்," என்றார்.

செல்வகுமாரிக்குப் பிடி கிடைத்துவிட்டது. பழி வரிசையில் நகர்கிறது. அப்படியென்றால் தப்பு செய்தது பிரிண்ட்டுக்கு முன்னால் இருந்த ஃபங்ஷன். அது என்ன என்று கேட்டாள். அளக்க எடுத்த பால் கெட்டிருந்தால் அதைத் தள்ளிவிடும் ஃபங்ஷன் என்றார்.

அந்த வாரம் முழுக்க, ஆபீஸ் வேலை முடிந்த சாயங்காலங்களில் அவள் அதையே குடைந்தாள். ஒரு ஃபங்ஷன் இன்னொன்றை அழைக்கும்போது, வேலை முடிந்ததும் எங்கே திரும்பி வர வேண்டும் என்று ஒரு முகவரியை விட்டுச் செல்லும். அது அழைத்த இடமல்ல, அதற்கு அடுத்த இடம். பிளகின் அந்தத் திரும்பும் முகவரியைத்தான் அழைத்த இடம் என்று இத்தனை வருஷமாகக் காட்டிக்கொண்டிருந்தது. பெரும்பாலும் இரண்டும் ஒரே ஃபங்ஷனுக்குள் இருப்பதால் யாரும் கவனிக்கவில்லை. ஆதிமூலத்தின் புரோகிராமில் பாலைத் தள்ளும் ஃபங்ஷன் கடைசி வேலையாக இன்னொன்றை அழைத்தது. அழைக்கப்பட்டது திரும்பி வருவதேயில்லை. எல்லாவற்றையும் காலி செய்துவிட்டு நேராக ஆரம்பத்துக்குத் தாவிவிடும். எனவே திரும்பும் முகவரி அந்த ஃபங்ஷனின் எல்லையைத் தாண்டி, பக்கத்து ஃபங்ஷனின் வாசலில் விழுந்தது.

முகவரியிலிருந்து ஒன்றைக் கழித்தால் அழைத்த இடத்துக்குள் வந்துவிடும், அது போதும் என்று நினைத்து அப்படியே செய்தாள். பிளகின் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் பழைய சோதனைகளில் பாதி உடைந்தது. எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து, உடைந்த ஒவ்வொன்றையும் பார்த்தாள். யார் யாரை அழைத்தார்கள் என்று பிளகின் காட்டும் பட்டியலின் உச்சியில் இருப்பது திரும்பும் முகவரியே அல்ல. தப்பு நடந்த அதே இடம். அதில் கழிக்கக் கூடாது. உச்சியை விட்டுவிட்டு மற்றதில் மட்டும் கழித்தாள். எல்லாச் சோதனையும் தேறிப் பச்சையாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை குமரவேலுக்கு வில்லியனூரில் மோட்டாருக்குச் சாமான் வாங்க வேண்டியிருந்தது. அவளும் பைக்கில் ஏறிக்கொண்டாள். "போன்லயே சொல்லிட்டா ஆச்சு, எதுக்கு அரியூரு வரைக்கும்?" என்றான் அவன்.

"அந்த மெஷின நான் பாக்கணும். எம் பிளகின் ஓடற மெஷின் ஒண்ணக்கூட நான் நேர்ல பாத்ததில்ல."

அரியூர் ஆபீஸில் பார்த்தால், ஆதிமூலம் அவள் நினைத்ததைவிட வயதானவர், தலை நரைத்திருந்தது. மேசையில் மெஷினின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தார். புதிய பிளகினைப் போட்டு ஓட்டினார்கள். இந்த முறை பாலைத் தள்ளும் ஃபங்ஷனின் பெயர் வந்தது, சரியான வரியோடு. அவர் அந்த வரியை உற்றுப் பார்த்தார்.

"அடச்சே! அளந்து முடிக்கறதுக்கு முன்னாடியே காலி பண்றேனே! நான் எழுதுன தப்புதான் மேடம். பிரிண்ட்டுக்குள்ள ஒரு வாரமா தேடுனேன்."

"தேட வெச்சது நான்," என்றாள் செல்வகுமாரி.

குமரவேல் மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "தண்ணி கலந்தா இது கண்டுபுடிக்குமா சார்?" என்று கேட்டான். பிறகு அவரும் அவனும் அதில் இறங்கிவிட்டார்கள். ஒரு குவளைப் பாலில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றி, மெஷின் எப்போது விழித்துக்கொள்கிறது என்று மூவருமாகப் பார்த்தார்கள். மோட்டார் கடை சாத்தும் நேரமாகிவிட்டது.

திருத்தம் அடுத்த வெளியீட்டில் போனது. பிரேசிலிலிருந்து ஒருவர், கொரியாவிலிருந்து ஒருவர், தங்களுக்கும் இப்படி யாரும் அழைக்காத ஃபங்ஷன்கள் மேல் பழி வந்ததாகவும், எழுதியதை மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலரைத் திட்டிவிட்டு விட்டுவிட்டதாகவும் எழுதினார்கள். ஆதிமூலம் இப்போது அந்தப் பிளகின்களுக்கு இரண்டாவது பராமரிப்பாளர். சோதனைகளுக்குப் பெயர் வைப்பதில் அவருக்கும் செல்வகுமாரிக்கும் ஒத்தே போவதில்லை. அவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு பால் மாட்டின் பெயரை வைக்கிறார். போன வாரம் லட்சுமி தோற்றுப்போனது. ஏன் என்று இருவருக்கும் இன்னும் பிடிபடவில்லை.