ஆள் இல்லாத பள்ளிக்கு இரண்டு வாத்தியார்

எந்தப் பள்ளியில் எத்தனை ஆசிரியர் பணியிடம், எத்தனை நிரம்பியிருக்கிறது, எத்தனை காலி என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை மேலே எழுதி அனுப்புவதுதான் அப்போது என் உத்தியோகம். பச்சையாகச் சொன்னால், அரசாங்கச் சம்பளத்தில் பொய் எழுதுவது. மன்னார்குடிப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கல்விப் பிரிவு குமாஸ்தாவாக இருந்தேன். ஆரம்பப் பள்ளிகளெல்லாம் அப்போது ஒன்றியத்தின் கையில் இருந்தன. கூலி உயர்வு கேட்டு வயல்வெளியெங்கும் தகராறு நடந்த வருஷங்கள் அவை. இப்படிப்பட்ட அலுவலக வாசலில் கால் கடுக்க நின்றவர்களே, உள்ளே உட்கார்ந்து பல்லைக் கடித்தவர்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

நோட்டில் இருந்தவர்கள்

கூலி வேலை செய்யும் அஞ்சலை ஒருநாள் நடவு வயலிலிருந்து நேராக வந்திருந்தார். முழங்கால் வரை சேறு. பியூன் உள்ளே விடாததால் ஜன்னல் வழியாகவே பேசினார். "எங்க தெற்குத் தெரு பள்ளிக்கூடத்துக்கு ஆறு மாசமா வாத்தியாரே வரலீங்க ஐயா."

பதிவேட்டைப் புரட்டினேன். இரண்டு பணியிடம், இரண்டும் நிரம்பியிருந்தன. பெயர்கூட இருந்தது. எழுத்து என்னுடையது. முந்தைய பக்கத்தைப் பார்த்து அப்படியே காப்பியடித்திருந்தேன். "ரெண்டு பேர் இருக்காங்களேம்மா" என்றேன்.

அஞ்சலை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பதிவேட்டை எட்டிப் பார்த்தார். "அப்போ அந்த நோட்டை எங்க ஊருக்கு அனுப்பி வைங்க. புள்ளைங்களுக்கு அதுவாவது பாடம் சொல்லட்டும்."

கரும்பலகையில் காக்கி

மறுநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெற்குத் தெருவுக்குப் போனேன். முழுக்கக் கூலிக்காரர்கள் குடியிருக்கும் தெரு. பள்ளிக்கூடத்துக்குள் ரிசர்வ் போலீஸ்காரர்கள் குடியிருந்தார்கள். கூலித் தகராறுக்குப் பந்தோபஸ்தாம். கரும்பலகை மேல் காக்கிச் சட்டை காய்ந்தது. பெஞ்சைக் கவிழ்த்துப் போட்டு ஒருவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

எப்போது காலி செய்வீர்கள் என்று கேட்டேன். கத்தியைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னார்: "வாத்தியாரே வராத பள்ளிக்கூடம் சும்மாதானே சார் கெடக்குது?"

சமத்துவப் பெருந்தலைவர்

விசாரித்ததில், அந்த இரண்டு வாத்தியார்களும் 'மாற்றுப் பணி' என்ற பெயரில் டவுன் பள்ளியில் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் ஒன்றியப் பெருந்தலைவரின் தங்கை மாப்பிள்ளை, இன்னொருவர் பெருந்தலைவரின் மனைவி வழிச் சொந்தம். பெருந்தலைவர் முப்பது வேலி நிலமுள்ள மிராசுதார். கரை வேட்டி கட்டி மேடை ஏறினால் சமத்துவம் கொட்டும்.

இரண்டு இடமும் காலி என்று குறிப்பெழுதி அவர் மேஜையில் வைத்தேன். படித்தார், மடித்தார், சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "தம்பி, நம்ம வீட்டுப் புள்ளைங்க அந்தத் தெருவுல போய் தண்ணி வாங்கிக் குடிக்குமா? நிரம்பியிருக்குன்னே எழுதுங்க."

மரத்தடி

தெற்குத் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் நடக்காமல் இல்லை. வாய்க்கால் கரை வாகை மரத்தடியில் அஞ்சலையின் மகள் செல்வி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்தவள். நான் 'காலி இல்லை' என்று எழுதும் வரை அவளுக்கு எந்தக் காலத்திலும் நேர்காணல் கார்டு வராது.

இதைவிடக் கொடுமை, ஆய்வுக்கு வந்த அதிகாரி அந்த மரத்தடியைப் பார்த்துவிட்டு 'பள்ளி நன்கு நடைபெறுகிறது' என்று எழுதிப் போனது. செல்வியிடம் ஓடிப்போய், "இன்னிக்கே நிறுத்தும்மா. பள்ளி நடக்கலைன்னு தெரிஞ்சாத்தான் இடம் காலின்னு ஒத்துக்குவாங்க" என்றேன்.

செல்வி சிலேட்டில் 'ழ' போட்டுக்கொண்டே சொன்னாள்: "நான் நிறுத்தினா வேலை வரும் சார். புள்ளைங்க களை பறிக்கப் போயிடும். திரும்பி வராது."

உத்தரவு

அந்தக் காலாண்டு அறிக்கையில், 'இருவரும் இப்பள்ளியில் இல்லை, கட்டடத்தில் காவலர்கள் தங்கியுள்ளனர்' என்று எழுதி, மற்றக் காகிதங்களோடு கையெழுத்துக்கு வைத்தேன். ஒன்றிய ஆணையர் வழக்கம்போல் படிக்காமலே போட்டார். அறிக்கை மாவட்டத்துக்குப் போய்விட்டது. பத்து நாளில் எனக்கு மெமோ வந்தது. அடுத்த வாரம், பயிர் மேய்ந்ததற்காகப் பட்டியில் அடைத்த மாடுகளை எண்ணும் பிரிவுக்கு மாற்றல்.

ஆனால் மாவட்டத்தில் யாரோ ஒருவர் அதைப் படித்திருக்கிறார். போலீஸ்காரர்கள் சாமானைக் கட்டினார்கள். தங்கை மாப்பிள்ளையைத் தெற்குத் தெருவுக்கே போகச் சொல்லி உத்தரவு வந்தது; அவர் முதுகுவலி என்று நீண்ட மருத்துவ விடுப்பில் படுத்துவிட்டார். மற்றவர் டவுனைவிட்டு அசையவில்லை. தங்கை மாப்பிள்ளையின் விடுப்பிடத்துக்கு வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து ஆள் எடுத்தார்கள். செல்விக்குக் கிடைத்தது.

உத்தரவை எடுத்துக்கொண்டு தாயும் மகளும் என் புது இடத்துக்கு வந்தார்கள். 'தற்காலிகம்' என்ற சொல்லை விரலால் தொட்டுக் காட்டிய செல்வி, "அவரு வந்துட்டா என்ன சார் செய்யறது?" என்றாள். அஞ்சலை முந்திக்கொண்டார்.

"வரட்டுமே. நம்ம புள்ளைங்களோட ஒக்காந்து அவரும் படிச்சுட்டுப் போகட்டும்."

பதினோரு வருஷக் கல்விப் பிரிவு உத்தியோகத்தில் உண்மையாகவே நான் நிரப்பிய ஒரே பணியிடம் இது, அதற்குத்தான் என்னை மாடு எண்ண அனுப்பினார்கள்.