மில்லிமீட்டர் கணவர், சென்டிமீட்டர் தம்பி

"பத்து" என்கிறார் கணவர். "எனக்கு ஒண்ணு போதும்க்கா" என்கிறான் தம்பி. ரய்கா தலை நிமிராமல் ரொட்டியில் இரண்டு துண்டு வெட்டுகிறாள். இரண்டும் ஒரே கனம். பத்து மில்லிமீட்டரும் ஒரு சென்டிமீட்டரும் ஒன்றுதானே. ஆனால் அதை அந்த மேசையில் சொல்லிவிடக் கூடாது, சூப் ஆறிப்போகும்.

கணவர் மிலாதின் ஜன்னல் செய்யும் தச்சர். அவருக்கு எல்லாமே மில்லிமீட்டர். தம்பி கோய்கோ கொத்தனார், அவனுக்கு சென்டிமீட்டர். எங்கள் ஊர் பான்செவோவில் இந்த இரண்டு கூட்டமுமே அளவின் பெயரைச் சொல்வதில்லை, வெறும் எண்தான். பெயர் சொல்கிறவன் கற்றுக்குட்டியாம். நல்ல வீம்பு.

ரய்கா பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்க்கிறாள். கழுத்தில் எப்போதும் ஒரு துணி நாடா தொங்கும். அவளோடு திரைச்சீலை வாங்கப் போன பக்கத்து வீட்டுக்காரி நான், கடைக்காரரிடம் வெறும் எண்ணை மட்டும் சொன்னதற்கு, "ரெண்டு நாப்பதுன்னா என்னது? எண்ணுக்கு வாய் இருக்கா, நீதானடி சொல்லணும்" என்று கடையிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள். தொலைக்காட்சியில் மழையை மில்லிமீட்டரிலும் பனியை சென்டிமீட்டரிலும் சொல்வார்கள் அல்லவா? "மழை எங்க வீட்டுக்காரர் கட்சி, பனி என் தம்பி கட்சி" என்பாள்.

இந்தச் சிரிப்பெல்லாம் அவள் பட்ட பாட்டுக்குப் பிறகு வந்தது. போன வருடம் தம்பி வீட்டு அடுக்களை ஜன்னலுக்கு, "மேலே பதினஞ்சு விடு" என்றார் மிலாதின். கோய்கோ பதினைந்து சென்டிமீட்டர் விட்டுக் கட்டினான். ஜன்னல் மேலே சுருட்டி வைக்கும் ஷட்டரின் பெட்டிக்கு இடம் கேட்கிறார் என்று நினைத்தானாம். ஜன்னலைப் பொருத்தினால் மேலே பூனை நுழையும் சந்து. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஒரே மேசையில் சாப்பிடுவார்கள், ஆனால் "உன் தம்பிகிட்ட சொல்லு", "அத்தான்கிட்ட கேளுக்கா" என்று எல்லாம் ரய்கா வழியாகத்தான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

இந்த இலையுதிர்காலத்தில் கோய்கோவின் கைக்குழந்தை தூங்கும் அறைக்கு ஜன்னல் வைக்க வேண்டியிருந்தது. திறப்பில் பிளாஸ்டிக் தாள் மட்டும் கட்டியிருந்தது. கோஷவா என்கிற குளிர்காற்று வேறு ஆரம்பித்துவிட்டது. குழந்தை இருமிக்கொண்டே இருந்தது. இன்னொரு முறை அளவு தவறினால் அது இந்தக் குளிரை எப்படித் தாங்கும்?

சனிக்கிழமை நானும் போயிருந்தேன். மிலாதின் செய்து கொண்டுவந்த சட்டகம் சுவரில் சாய்ந்திருந்தது. அவர் பக்கத்தில் நின்றார். கோய்கோ ஏணிமேல் கரண்டியோடு, திறப்பின் மேல்பக்கத்தைப் பூசத் தயாராக இருந்தான்.

"அக்கா, மேலே எவ்வளவு விடணுமாம்?"

ரய்காவின் இடுப்பில் குழந்தை. "அவர் அங்கதான நிக்கிறார். நீயே கேளு. எனக்கு அலுத்துப்போச்சு."

பிளாஸ்டிக் தாள் படபடத்தது. குழந்தை இருமியது.

மிலாதின் தொண்டையைச் செருமினார். "மச்சான்... ஒன்றரை. ஒன்றரை சென்டிமீட்டர்."

கோய்கோ திரும்பிப் பார்க்கவில்லை. "சரி அத்தான்" என்றான். சாந்தைக் கரண்டியில் அள்ளிய பிறகு, "பதினஞ்சு மில்லிமீட்டர்" என்றான்.

ரய்கா கழுத்திலிருந்த நாடாவை உருவி, குழந்தையின் கையில் விளையாடக் கொடுத்தாள்.