ஐஸ் என்றால் பெரியப்பாவின் கை

ஐஸை நான் கண்டதில்லை. சண்டை தொடங்கி எங்கள் கோப்பாய் ஒழுங்கையில் மின்சாரம் நின்றுபோனபோது எனக்கு நாலு வயது. ஐஸ்பழக்காரனின் மணியோசை காதுக்குள் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருந்தது; குளிர் ஒட்டவில்லை. ஐஸ் எப்படி இருக்கும், கடிக்குமா, மணக்குமா என்று கேட்டுக்கேட்டு அப்பாவை அலுக்க வைத்த ஒரு மத்தியானம் அவர் சொன்னார்: “போய்ப் பெரியப்பான்ரை கையைப் பிடிச்சுப் பார். அதுதான் ஐஸ்.”

பிடித்துப் பார்த்தேன். வெளியே வெயில் புகையிலைத் தோட்டத்தை வறுத்துக்கொண்டிருக்க, மண்வெட்டி பிடித்துத் தடித்துப்போன அந்த விரல்கள் மட்டும் கிணற்றடிக் கல்லைப்போலக் குளிர்ந்து கிடந்தன. அன்றிலிருந்து அந்தக் கை என் ஆராய்ச்சிப் பொருளாயிற்று. காலையில் பிடிப்பேன், வெயில் ஏறப் பிடிப்பேன், அவர் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துவிட்டு வைத்ததும் பிடிப்பேன். கோப்பையின் சூடு மறையும் வேகம்தான் எனக்கு அப்போது உலகத்திலேயே பெரிய அதிசயம்.

அந்தக் குளிர் முன்பு இருந்ததில்லை. புகையிலைக் கன்றுகளுக்கு வாய்க்காலில் தண்ணீர் மாறிக்கொண்டிருந்த ஒரு நாள் பெரியப்பா நெஞ்சைப் பிடித்தபடி வரம்பில் குந்திவிட்டார். பிறஷரும் கூடிப்போச்சு, நெஞ்சு அடிக்கிற வேகமும் கூடிப்போச்சு என்று டொக்டர் ஒரு சின்ன வெள்ளைக் குளிசை எழுதிக் கொடுத்தார். காலையில் ஒன்று, நெஞ்சை அவசரமில்லாமல் அடிக்க வைக்கும். சிலருக்குக் கைகால் குளிரும், பயப்பட வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். பெரியப்பா பயப்படவில்லை, வெட்கப்பட்டார். பக்கத்து வீட்டுக் குழந்தை அவர் தூக்கினால் வீரிட்டது. தூக்குமுன் கைகளைக் கக்கத்துக்குள் வைத்துச் சூடாக்கப் பழகிக்கொண்டார்.

“என்னப்பா, செத்த மீன் முட்டின மாதிரிக் கிடக்கு. என்னிலை முட்டாதேங்கோ!” என்று பெரியம்மா துள்ளி விலகுவா.

“மீன் எண்டால் மட்டும் விடமாட்டீர்” என்பார் பெரியப்பா.

கந்தசஷ்டி வந்தது. சூரன்போர் வரைக்கும் பெரியப்பா மிளகும் தண்ணீரும்தான். இளவயதிலிருந்தே அப்படி. அந்த வருடம் குளிசை குறுக்கே நின்றது.

“தண்ணியோடை ஒரு குளிசை விழுங்கினால் விரதம் முறியாதப்பா.”

“தொண்டையாலை இறங்கினால் எல்லாம் சாப்பாடுதான்.”

“உங்கடை நெஞ்சு முருகனோடை வழக்குப் பேசுமோ? போடுங்கோ.”

“ஓமோம், போடுறன்” என்றார். பெரியம்மா நம்பினா. நானும் நம்பினேன்.

விரதத்தின் நடுவில் ஒரு காலை வழக்கம்போலக் கையைப் பிடித்தவள் திகைத்துப்போனேன். குளிரைக் காணவில்லை. மற்றக் கையையும் பிடித்தேன். அதிலும் இல்லை. அப்பாவின் கையைப்போல, என் கையைப்போல வெறும் மனிதக் கை.

“பெரியப்பா, ஐஸ் உருகிப்போச்சு!”

அவர் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. “பாத்தியே பிள்ளை, முருகன் சூடு குடுத்திட்டார். உந்தக் குளிசை இல்லாமலே சரியாகியிட்டுது. ஒருத்தரிட்டையும் சொல்லாதை, என்ன?”

கடவுள் ஒருவருடைய கையைச் சூடாக்கிய செய்தியை வைத்துக்கொண்டு வாயை மூடியிருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? எனக்கு வயிறே வீங்கிற்று.

சூரன்போர். மரத்தால் செய்த சூரனை நீண்ட கொம்புகளில் கட்டி, இளந்தாரிகள் தோளில் சுமந்து, முருகனுக்கு முன்னால் முன்னும் பின்னும் ஓடி ஆட்டுவார்கள். அந்த வருடம் ஊரில் இளந்தாரிகள் குறைவு. எங்கே போனார்கள் என்று பெரியவர்கள் எங்களுக்கு முன்னால் பேசுவதில்லை. முன் கொம்பில் ஒரு தோள் குறைந்தது. யாரோ பெரியப்பாவைப் பார்த்தார்கள். பெரியப்பா சால்வையை இடுப்பில் இறுக்கினார்.

மேளம் உச்சத்துக்குப் போனது. சூரன் பாய்ந்தான், பின்வாங்கினான், தலை மாறி மறுபடி பாய்ந்தான். புழுதிக்குள் பெரியப்பாவின் மொட்டைத் தலை மினுங்கி மினுங்கி மறைந்தது. கடைசியில் அது மேலே வரவில்லை. கொம்பை விட்டுவிட்டு மருதமரத்தடியில் போய்ச் சாய்ந்துகொண்டார்.

நான்தான் முதலில் ஓடினேன். கையைப் பிடித்தேன். அனல். மணிக்கட்டுக்குள் கோழிக்குஞ்சொன்றைப் பிடித்து அடைத்தாற்போல என்னவோ படபடவென்று அடித்தது. அதுவும் விரதத்தின் பலன் என்றே நினைத்தேன். இனியும் ரகசியம் காக்க என்னால் ஆகவில்லை.

“பெரியம்மா, ஓடிவாங்கோ! பெரியப்பான்ரை கை சுடுது! அப்பவே ஐஸ் உருகியிட்டுது!”

பெரியம்மா அந்தக் கையைத் தொட்டா. அடுத்த கணம் குரல் உடைந்தது. “குளிசை போட்டனீங்களோ? என்னைப் பாத்துச் சொல்லுங்கோ, போட்டனீங்களோ?”

பெரியப்பா நெஞ்சை அமத்தியபடி தலையை ஆட்டினார். இல்லை.

பெற்றோல் கிடைக்காத காலம்; வீதி முடக்கில் நின்ற பழைய கார் மண்ணெண்ணெயில் ஓடுவது. அதை உசுப்ப மட்டும் துளி பெற்றோல் வேண்டும். கண்ணுக்கு மருந்து விடும் குப்பியிலிருந்து காரின் வாய்க்குள் அதன் சொந்தக்காரர் சொட்டுச் சொட்டாக விட, அது இருமியது, தும்மியது, நின்றது. “விடண்ணை, இன்னும் ரெண்டு சொட்டு விடு!” என்று அப்பா கத்தினார். பிறகு கரும்புகை கக்கிக்கொண்டு பெரியப்பா, பெரியம்மா, அப்பா மூவரையும் ஏற்றிப் போயிற்று. என்னுடைய நல்ல செய்திக்கு ஏன் இத்தனை ஓட்டம் என்று விளங்காமல் புகைக்குள் நின்றேன்.

ஆஸ்பத்திரியில் நடந்ததை அப்பா பின்னாளில் சொல்லிச் சிரிப்பார். பாதியில் சிரிப்பு நின்றுவிடும். டொக்டர் நல்ல ஏச்சாம். “உந்தக் குளிசையை நினைச்சபாட்டுக்கு நிப்பாட்டக்கூடாது ஐயா. அடக்கி வைச்ச நெஞ்சு ஒரேயடியாய்ப் பாயும். குறைக்கிறதெண்டாலும் நாங்கள் பாத்து மெல்லமெல்லத்தான் குறைப்பம். விரதமெண்டால் முதலே வந்து கேளுங்கோ. மருந்துத் தட்டுப்பாடெண்டால் முடிய முன்னம் வந்து சொல்லுங்கோ.”

“முருகன் கோவிப்பாரெண்டு...”

“முருகனோடை நான் கதைக்கிறன். நீங்கள் குளிசையைப் போடுங்கோ.”

பெரியப்பா வீட்டுக்கு வந்த அன்று வாசல் படலைக்கே ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். பிடித்த வேகத்தில் உதறினேன். பழையபடி ஐஸ். கடவுள் கொடுத்த சூட்டை டொக்டர் பறித்துவிட்டாரே என்று எனக்கு அழுகையும் கோபமுமாய் வந்தது.

“பெரியம்மா, திரும்பவும் குளிருது” என்று முறையிட்டேன்.

பெரியம்மா வந்தா. அந்தக் கை முட்டினால் துள்ளுகிறவ, அதை இரண்டு கையாலும் எடுத்துத் தன் கன்னத்தில் வைத்து அமத்திக்கொண்டா. விடவேயில்லை. கண் இரண்டும் மூடியிருந்தன.

பாவம், பெரியம்மாவுக்குக் காய்ச்சலாக்கும் என்று நினைத்து நான் கொத்தமல்லி அவிக்கச் சொல்ல அம்மாவிடம் ஓடினேன்.